மலைச்சரிவும் மழைநீரும்: மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் நீர்ப்பேணல் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

நிலத்தைத் திருத்தி அழகுபெறச் செய்வதும் நீரைச் சிக்கனமாகப் பேணுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்ற கருத்து இன்று உலகெங்கும் வலுப்பெற்று வருகின்றது. பல்கலைக்கழக வளாகங்கள், நகரப் பூங்காக்கள், விடுதிகள் ஆகியவற்றை அமைப்போர், பரந்த புற்றரைகளைக் குறைத்தல், அவ்வவ்விடத்துக்கு இயல்பான மரஞ்செடிகளை நடுதல், மழைநீரை வீணே ஓடவிடாது நிலத்துள் இறங்கச் செய்தல் என்பனவற்றைக் கோட்பாடுகளாக வகுத்துள்ளனர். இவை பெரும்பாலும் புதியனவாகவே எடுத்துரைக்கப்படுகின்றன. ஆயின், நம் நாட்டின் மத்திய மலைப்பிரதேசத்தில் இவ்வினாக்கள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வந்துள்ளன. நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா எனப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்கள், இலங்கையில் மனிதர் பேரளவில் திட்டமிட்டு வடிவமைத்த நிலத்தோற்றங்களுள் ஒன்றாகும். அந்நிலத்தோற்றத்திலே நீர் எவ்வாறு கையாளப்பட்டது, யாருடைய உழைப்பால் கையாளப்பட்டது, யாருடைய நலன் கருதிக் கையாளப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டங்கள் பற்றிய நம்மவரின் ஆய்வுகள் குடிப்பெயர்வு, கூலி, பிரசாவுரிமை, தொழிற்சங்கம் ஆகியவற்றையே பெரிதும் மையமாகக் கொண்டமைந்தன. அது நியாயமானதே. எனினும், மண்ணையும் நீரையும் தாவரவியலாருக்கும் பொறியியலாருக்கும் உரிய பொருள்களென ஒதுக்கிவிட்டமையால், நிலத்தின் வரலாறும் உழைப்பின் வரலாறும் தனித்தனியே எழுதப்பட்டன. ஒரு மலைச்சரிவில் கான் வெட்டியவனுடைய வரலாற்றை விடுத்து அக்கானின் வரலாற்றை எழுதுதல் இயலாது.

1. மலையும் மழையும்

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகள் தென்மேற்குப் பருவக்காற்றை நேருக்கு நேர் எதிர்கொள்பவை. வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை வீழ்கின்றது. அதிக தொலைவில் இல்லாத நுவரெலியாவிலோ அது 2,000 மில்லிமீற்றர் அளவிலேயே அமைகின்றது. ஹற்றனை அண்டிய மலைமுகட்டின் ஒரு புறத்தே வீழும் நீர் களனி கங்கையையும், மறுபுறத்தே வீழும் நீர் மகாவலி கங்கையையும் சென்றடைகின்றது. நாட்டின் இருபெரும் ஆறுகளுக்கும் ஊற்றுக்கண்ணாய் விளங்குவது இம்மலைப்பகுதியே. இத்துணை மழை பெய்தும், தை முதல் பங்குனி வரையிலான வரட்சி மாதங்களில் லயங்களை அண்டிய ஊற்றுகள் பல மெலிந்து போகின்றன. ஆகவே, மலைநாட்டின் நீர்ப்பிரச்சினை மழை பெய்யாமையால் எழுவதன்று. பெய்த மழை நில்லாமையால் எழுவது.

பெருந்தோட்டங்கள் தோன்றுமுன் கண்டியக் கிராமங்கள் இவ்வுண்மையை உணர்ந்தே அமைந்திருந்தன. மலையுச்சியிலே காடு, இடையிலே பல்வகை மரங்கள் செறிந்த வீட்டுத்தோட்டமும் சேனைப்பயிரும், அடிவாரத்திலே படிமுறையாக வெட்டப்பட்ட வயல்கள். வலப்பனை, ஹங்குராங்கெத்தை, கொத்மலைப் பகுதிகளின் படிவயல்கள் மேலேயிருந்த காட்டை நம்பியே வாழ்ந்தன. காடு மழையைத் தாங்கிற்று. வேர்கள் நீரை மெல்ல விடுவித்தன. வயல் அதனைப் படிப்படியாகப் பெற்றது. இவ்வொழுங்கை நாம் மிகைப்படப் போற்ற வேண்டியதில்லை. அதுவும் நிலமானிய உறவுகளால் கட்டுண்ட சமுதாயமே. எனினும் மண்ணும் நீரும் பற்றிய ஒரு கணக்கு அதில் இருந்ததென்பது மறுக்கற்பாலதன்று.

2. காட்டழிப்பும் காலம் பிந்திய எச்சரிக்கையும்

1820களில் கம்பளையை அடுத்த சிங்ஹாபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேட் பான்ஸும் தொடக்கி வைத்த கோப்பிப் பயிர்ச்செய்கை, 1830களின் பிற்பகுதியிலிருந்து பெருவேகம் கொண்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய காணிகளாகக் கொள்ள வழிவகுத்தது. கிராமத்தின் பொதுவுடைமையாயிருந்த மலைக்காடு ஏக்கர்க் கணக்கில் விலைபோயிற்று. மலையின் அடியிலிருந்து மேனோக்கி மரங்களைப் பாதி வெட்டிவைத்து, உச்சியிலுள்ளவற்றை வீழ்த்தி, அவை சரிந்து விழும் வேகத்தில் சரிவு முழுவதையும் ஒருங்கே சாய்ப்பது அக்காலக் காடழிப்பு முறையாகும். பின்னர் தீ மூட்டப்பட்டது. வெறுமையான சரிவிலே பருவமழை இறங்கியபோது, காலங்காலமாகச் சேர்ந்திருந்த மேன்மண் ஓடைகளிற் கலந்தது. மேலே கோப்பி தழைக்க, கீழே கண்டிய விவசாயியின் வயலில் வண்டல் படிந்தது.

1873இல், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசெப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழியாது விட்டுவைக்க வேண்டுமென அறிவுறுத்தினார். அதன்பயனாக அவ்வுயரத்துக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை வெட்டுவது நிருவாக ஆணையால் தடுக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளி முதலான உயர்மலைக் காடுகள் எஞ்சியமைக்கு இதுவே முதற்காரணம். 1882இல் காடுகளின் நிலை பற்றி வின்சென்ற் அறிக்கை சமர்ப்பித்தார். 1885இல் காட்டுக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் ஐயாயிரம் அடிக்குக் கீழே பெரும்பகுதி காடு அதற்குள் மறைந்துவிட்டது. மேலே ஏற்கெனவே விற்கப்பட்ட காணிகளையும் அவ்வாணை மீட்டுத்தரவில்லை. எச்சரிக்கை உண்மையானது, ஆனால் இலாபம் தரவல்ல நிலம் பெரும்பாலும் கையகப்படுத்தப்பட்ட பின்னரே அது செவிமடுக்கப்பட்டது.

1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1900ஆம் ஆண்டளவில் தேயிலை மூன்றரை இலட்சம் ஏக்கருக்கும் மேலாகப் பரவியிருந்தது. கோப்பி அறுவடைக்குப் பருவகாலத்தில் மட்டும் வந்துபோன தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்த தேயிலையின் வருகையோடு லயங்களில் நிலைத்தனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த இம்மக்கள் ஏரியும் கண்மாயும் கொண்ட வரண்ட நிலத்தவர். மடையும் கலிங்கும் கரையும் அறிந்தவர்கள். நீரைத் தேக்கி வாழ்ந்த ஒரு மக்கட்கூட்டம், நீரை நிறுத்தவியலாத செங்குத்துச் சரிவிலே, தமக்குச் சொந்தமில்லாத மண்ணைக் காக்கும் பணியில் அமர்த்தப்பட்டது.

3. சுரண்டியும் கானும்

தோட்டத்துரையின் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய நிலம் எது என்பது இவ்விடத்தில் ஆராயத்தக்கது. நுவரெலியாவிலே 1870களில் உருவாக்கப்பட்ட கிரெகரி வாவியும், 1889இல் தொடங்கப்பட்ட கோல்ஃப் கழகத்தின் புற்றரைகளும், விக்ரோறியாப் பூங்காவும் ஓர் ஆங்கிலக் கிராமத்தை மலைமீது படைக்கும் முயற்சியின் கூறுகளாகும். பங்களாவைச் சுற்றிப் புற்றரையும் பூம்பாத்தியும் விரும்பிய அதே கண், தேயிலை மலையிலே ஒரு புல்லும் தலைகாட்டாத துப்புரவை விரும்பிற்று. புல்லற்ற மலையே திறமையான நிருவாகத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. புல்வெட்டு கொந்தரப்பாக விடப்பட்டது. சுரண்டி என்னும் கருவியால் தொழிலாளர் மண்ணின் மேற்பரப்பைச் சீவிக் களையகற்றினர். களையோடு மேன்மண்ணும் தளர்ந்தது. அடுத்த மழையில் அது கீழிறங்கிற்று. கருவிக்கு மக்களிட்ட பெயரே அதன் விளைவையும் சுட்டிநின்றது.

இதன் கேட்டைத் தடுக்கும் கருவியாகக் கருதப்பட்டது கான். தொடக்ககாலக் கான்கள் நீரை விரைந்து வெளியேற்றும் நோக்குடன் சரிவாக வெட்டப்பட்டவை. அவை நீரை ஓடைக்குக் கொண்டு சென்றபோது மண்ணையும் உடன் கொண்டு சென்றன. நீரைப் பகையாகக் கருதிய வடிவமைப்பு இது. பின்னர் வந்த முறை இதற்கு நேர்மாறானது. சமவுயரக் கோட்டை ஒட்டி, 120 அடி நீளத்துக்கு ஓரடி மட்டுமே சாயுமாறு கான் வெட்டப்பட்டது. இடையிடையே வெட்டாது விடப்பட்ட மண்திட்டுகள் நீரைத் தடுத்து நிறுத்தின. நிற்கும் நீர் மண்ணுள் இறங்கும். வண்டல் கானிலேயே படியும். மிகுதி நீர் திட்டைத் தாண்டி மெல்ல வழிந்தோடும். படிந்த வண்டலை வாரி மேற்புறத்துத் தேயிலை அடியிற் போடுதல் வேண்டும். இதனோடு கற்கட்டுகள் எழுப்புதல், முள்ளுக்குத்தி மண்ணை இளக்குதல், சவுக்கும் முள்முருக்கும் நட்டு நிழல் தருதல், கவ்வாத்து வெட்டிய மிலாறுகளை எரிக்காது நிலத்திலேயே பரப்புதல் ஆகியன சேர்ந்தபோது ஒரு முழுமையான நீர்ப்பேணல் முறை உருவாயிற்று. இன்றைய வளாக வடிவமைப்பாளர் கூறும் கோட்பாடுகள் யாவும் இதனுள் அடங்கும்.

இம்முறை ஒரு நாளிலோ ஒருவராலோ உருவானதன்று. 1920களில் விவசாயத் திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்த ஸ்ரொக்டேல் மண்ணரிப்பின் கேட்டை வலியுறுத்தினார். 1925இல் நிறுவப்பெற்றுப் பின்னர் தலவாக்கலை செயின்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் தொடர்ந்து உழைத்தது. 1931இல் மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. இவ்வறிக்கை வெளிவந்த அதே பத்தாண்டிலேயே அமெரிக்கச் சமவெளிகளின் புழுதிப்புயல்கள் மண்பேணலை ஓர் உலகப் பிரச்சினையாக்கின என்பது மனங்கொளத்தக்கது. அறிவு இல்லாமையால் மலைநாடு மண்ணிழந்தது என்று எவரும் கூறவியலாது.

அறிவு ஏட்டில் இருந்தது. ஆனால் செயல் கையில் இருந்தது. எந்த மழையில் எந்தக் கான் உடையும், எந்தப் பாறையடியில் ஊற்று ஒளிந்திருக்கும், எவ்விடத்து மண் நீரேறியதும் வழுக்கும் என்பவற்றைக் கான்வெட்டுக்காரர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அவ்வறிவுக்குப் பெறுமதி தரப்படவில்லை, நாட்சம்பளமே தரப்பட்டது. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் அது வெட்டிய நீளமாக மட்டுமே பதிவாயிற்று.

4. சட்டமும் சரிவும்

1947 ஆகஸ்டில் மகாவலியின் மேற்பகுதியில் ஏற்பட்ட பெருவெள்ளம், மலையுச்சியில் நடப்பது சமவெளியையும் தாக்கும் என்பதை அரசுக்கு உணர்த்தியது. கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் 25ஆம் இலக்க மண்பேணற் சட்டம் நிறைவேறியது. அரிப்புக்குள்ளாகும் பகுதிகளைப் பிரகடனப்படுத்தவும், நிலவுடைமையாளரைப் பேணல் நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு பணிக்கவும் அது வழிசெய்தது. இச்சட்டத்துக்கு மூன்றாண்டு முன்னதாக, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது. மண்ணைக் காக்கச் சட்டம் இயற்றிய அரசே, அம்மண்ணில் கைவைத்து உழைத்தோரை அம்மண்ணுக்கு அந்நியராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலட்சக்கணக்கானோர் இந்தியா சென்றபோது, அவர்களுடன் சரிவுகள் பற்றிய அறிவின் ஒரு பகுதியும் கடல் கடந்தது.

1958ஐ அடுத்து அரச உதவியோடு நடைபெற்ற மீள்நடுகை ஒரு நல்ல வாய்ப்பை அளித்தது. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஓராண்டுக்கும் மேலாக வளர்த்து மண்ணைத் தேற்றி, பின்னர் பதியன் முறையில் வளர்த்த கன்றுகளைச் சமவுயரக் கோட்டில் நடும் முறை பரவிற்று. செறிந்து படரும் இத்தேயிலை நிலத்தை நன்கு மூடியது. ஆயினும் தேசியமயமாக்கம் வரக்கூடுமென அஞ்சிய கம்பனிகள் பல நீண்டகால முதலீட்டைத் தவிர்த்தன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறிய ஒவ்வொரு முறையும் முதலில் குறைக்கப்பட்ட செலவுகளுள் கான்வெட்டும் கற்கட்டும் அடங்கும். ஏனெனில், கானின் பயன் பல்லாண்டு கழித்தே தெரியும். அதன் செலவோ இம்மாதக் கணக்கிலேயே தோன்றும்.

சுரண்டியின் இடத்தைக் களைநாசினி பிடித்தது. அது மண்ணைச் சீவாது என்பது உண்மையே. ஆனால் நிலத்தை வெறுமையாக்கும் நோக்கம் மாறவில்லை. 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டதும், 2018இல் தேயிலைக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் பெருவிவாதத்தை எழுப்பின. தீங்கற்ற புற்பூண்டுகளை விட்டுவைத்துத் தீங்கானவற்றை மட்டும் கையால் அகற்றும் முறைக்கு அவ்விவாதத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை. அதற்கு உழைப்பு வேண்டும்; உழைப்புக்கு உரிய கூலி வேண்டும்.

5. பேணப்பட்ட நீர் யாருக்கு?

மலைநாட்டு நீர் கீழே சென்று ஒளியாகின்றது. மின்வலு பற்றிய பொறியியலாளர் விமலசுரேந்திராவின் கனவு 1950இல் இலக்சபானத் திட்டமாக நனவாயிற்று. காசல்றி, மவுசாக்கலை, கொத்மலை, 2012இல் தலவாக்கலையில் நிறைவுற்ற மேல்கொத்மலை ஆகிய நீர்த்தேக்கங்கள் நாட்டின் வளர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தன. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் இறுதியில் நீருள் மூழ்கிற்று. நீர்மட்டம் தாழும் வரட்சிக் காலங்களில் அங்கிருந்த கோயிலின் எச்சங்கள் வெளித்தோன்றுவதை இன்றும் மக்கள் சென்று காண்கின்றனர்.

இந்நீர்த்தேக்கங்களுக்கு மேலேயுள்ள லயங்களில் நீர் என்பது பீலியாகும். ஊற்றிலிருந்து குழாய்வழி வந்து விழும் நீரின் முன் குடங்களோடு காத்து நிற்பது, பெரட்டுக்கு முன்னும் வேலை முடிந்த பின்னும் பெண்களின் கடமையாய் இருந்து வந்துள்ளது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளைச் சபைகளின் சேவைக்குப் புறம்பாக்கிற்று. வாக்களிக்கும் உரிமையிருந்தும், தம் வாக்கால் தெரிவான சபையிடம் ஒரு குழாயைக் கேட்கும் உரிமை தோட்டமக்களுக்கு இருக்கவில்லை. 2018இன் திருத்தமே இத்தடையை நீக்கியது. மலைமுழுதும் நீரைத் தேக்கும் கான்களை வெட்டிய ஒரு சமுதாயம், தன் வாசலுக்கு நீரைக் கொணரச் சட்டத் திருத்தத்துக்காக முப்பத்தொரு ஆண்டு காத்திருந்தது.

நீர் கிடையாமை ஒருபுறமாக, நீரால் வரும் அழிவு மறுபுறம். அயல் மாவட்டமான பதுளையில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நேர்ந்த சரிவுகள் அப்பாடத்தை மிகப் பெருங்கொடுமையுடன் மீண்டும் உரைத்தன. இங்கு ஒரு நுண்மையான உண்மையைத் தெளிவுபடுத்தல் அவசியம். மழைநீரை எங்கும் நிலத்துள் இறக்குதல் நன்று என்னும் சமவெளிக் கோட்பாடு மலைக்கு அப்படியே பொருந்தாது. திடமான சரிவில் நீரை மண்ணுள் இறக்குதல் வேண்டும். வழுக்கும் இயல்புடைய சரிவிலோ, நீரைத் தேங்கவிடாது பாதுகாப்பான வழியே வெளியேற்றுதல் வேண்டும். தூர்ந்துபோன கான் இரண்டையும் செய்யாது. எந்தச் சரிவு எத்தகையது என்பதை வரைபடமும் கூறும். அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரும் கூறுவர். இரண்டும் இணையும்போதே அறிவு முழுமை பெறும்.

6. முடிவாக

இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, பற்றிக் அபர்குறொம்பியும் கிளிபேட் ஹொலிடேயும் வரைந்த திட்டம் ஹந்தானை மலைச்சரிவையும் மகாவலி ஆற்றையும் தழுவி அமைந்தது. அழகிய அவ்வளாகமும் தோட்டங்கள் சூழ்ந்த மலைநாட்டின் ஒரு பகுதியே. பின்னாளில் ஹந்தானைச் சரிவுகளில் வளர்க்கப்பட்ட பைன் மரங்கள் பற்றி, ஊற்றுகள் வற்றின என மலைக்கிராம மக்கள் முறையிட்டமையும் நாம் அறிந்ததே. நிலத்தைப் பசுமையாக்கும் ஒவ்வொரு முயற்சியும் நீரைப் பேணும் முயற்சியாகிவிடாது. வளாகத்தை நீர்ச்சிக்கனமுள்ளதாக அமைக்க விழையும் பல்கலைக்கழகம், தன்னைச் சூழ்ந்த மலைகளிலே இச்சோதனை ஏற்கெனவே நிகழ்ந்து முடிந்ததென்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அச்சோதனையின் முடிவை இவ்வாறு தொகுக்கலாம். மலைநாட்டு மண்ணும் நீரும் பேணப்படாமைக்கு நுட்ப அறிவின் பற்றாக்குறை காரணமன்று. 1873லும் 1931லும் 1951லும் தேவையான அறிவு கிடைத்திருந்தது. குறுகிய கால இலாபத்தை அளவுகோலாகக் கொண்ட உடைமைமுறையும், நிலத்தோடு உரிமையுறவு மறுக்கப்பட்ட உழைப்பும் அவ்வறிவு வேரூன்றத் தடையாயின. தனக்கென ஒரு துண்டு நிலமுமின்றி, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வாழ்ந்த தொழிலாளியிடம், நூறாண்டு கழித்துப் பயன்தரும் கற்கட்டைப் பேணுமாறு எதிர்பார்த்தது அவ்வமைப்பின் அடிப்படை முரண்பாடாகும். ஆகவே, லயத்து மக்களுக்கு வீட்டுக்காணி உரிமை வழங்குவது நலன்புரி நடவடிக்கை மட்டுமன்று. அது நாட்டின் இருபெரும் ஆறுகளினதும் நீரேந்து பிரதேசத்தைக் காக்கும் நடவடிக்கையுமாகும்.

நம் பல்கலைக்கழகங்களுக்கு இதில் ஒரு கடமையுண்டு. மூத்த கான்வெட்டுக்காரரும் கவ்வாத்துக்காரரும் வாழும் காலத்திலேயே, சரிவு, ஊற்று, மண் ஆகியவை பற்றி அவர்கள் கொண்டுள்ள அறிவைத் தோட்டந்தோட்டமாகப் பதிவு செய்தல் வேண்டும். புவியியல், மண்ணியல், தமிழ், வரலாறு ஆகிய துறைகள் கூடிச் செய்யவேண்டிய பணி இது. அவர்தம் சொற்களும் அவர்தம் கணக்கும் ஆய்வேட்டில் இடம்பெறும்போதே மலைநாட்டு நிலத்தின் வரலாறு நிறைவுறும். அவ்வரலாற்றைப் படைத்தோருக்கு அந்நிலத்திலே உள்ள உரிமையும் அப்போது மறுக்கவியலாததாகும்.